ஒன்ராறியோ சட்டமன்றத்தின் ஒரு பதவிக்காலத்தை எப்படி வாசிப்பது

வட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வரும். "எங்கள் சட்டமூலம் குயின்ஸ் பார்க்கில் நிறைவேறிவிட்டது, எல்லாருக்கும் பகிருங்கள்" என்று, கீழே கைகூப்பிய படம் நாலைந்தோடு. குயின்ஸ் பார்க் என்றால் ரொறன்ரோவில் உள்ள ஒன்ராறியோ சட்டமன்றம். போய்ப் பார்த்தால் மூன்று வாசிப்புகளில் முதலாவது மட்டும்தான் முடிந்திருக்கும். அதாவது ஒரு உறுப்பினர் எழுந்து தலைப்பைச் சொல்லி, இரண்டு வரி விளக்கம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். இப்படி ஒரு செய்தியை நானும் யோசிக்காமல் பத்துப் பேருக்கு அனுப்பி, பிறகு வெட்கப்பட்டு, அதற்கப்புறம்தான் இந்தச் சட்டமன்றப் பதிவுகளை ஒழுங்காக வாசிக்கப் பழகினேன். கஷ்டமான வேலை ஒன்றுமில்லை. எதை எங்கே பார்ப்பது என்று தெரிந்தால் பத்து நிமிடம் போதும்.

முதலில் பெயரைச் சரிப்படுத்திக்கொள்வோம். ஒன்ராறியோவில் ஒவ்வொரு பொதுத்தேர்தலுக்கும் பிறகு அமைகிற சபைக்கு ஒரு எண் கொடுப்பார்கள். 2018 ஜூன் 7 தேர்தலில் வந்தது 42ஆவது பாராளுமன்றம், 2022 ஜூன் 2 தேர்தலில் வந்தது 43ஆவது, 2025 பெப்ரவரி 27 தேர்தலில் வந்தது 44ஆவது. பாராளுமன்றம் என்றதும் எங்கள் ஆட்கள் ஒட்டாவாவில் உள்ள கூட்டாட்சிப் பாராளுமன்றத்தை நினைத்துவிடுகிறார்கள். இங்கே அந்தச் சொல் மாகாண சபையின் ஒரு முழுப் பதவிக்காலத்தைக் குறிக்கிறது. 44ஆவது கூட்டாட்சிப் பாராளுமன்றம் என்றும் ஒன்று இருந்தது, அது 2021 தேர்தலுக்குப் பிறகு வந்தது. எண்ணை மட்டும் தேடினால் இரண்டும் கலந்து வரும், ஆகவே தேடும்போது ஒன்ராறியோ என்று சேர்த்தே தேடுங்கள்.

உறுப்பினருக்கு இங்கே எம்பிபி என்று பெயர். வேறு மாகாணங்களில் பெரும்பாலும் எம்எல்ஏ, கியூபெக்கில் எம்என்ஏ, நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோரில் எம்எச்ஏ. எந்த மாகாணத்திலும் இப்போது மேலவை கிடையாது, கடைசியாக வைத்திருந்த கியூபெக்கும் 1968இல் அதைக் கலைத்துவிட்டது. ஆகவே ஒரே ஒரு சபையைப் பார்த்தால் போதும்.

ஒரு பாராளுமன்றத்துக்குள்ளே கூட்டத்தொடர்கள் வரும். இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். 42ஆவது பாராளுமன்றத்தின் முதலாவது கூட்டத்தொடர் 2018 ஜூலையில் தொடங்கி 2021 செப்டெம்பர் 12 வரை ஓடியது. இரண்டாவது அந்த ஒக்டோபரில் தொடங்கி 2022 மே மாதம் தேர்தலுக்காகச் சபையைக் கலைக்கும்வரை. ஒரு கூட்டத்தொடரை அரசாங்கம் முடித்துவைக்கும்போது, அதில் பாதியில் நிற்கும் சட்டமூலங்களைச் சபை தனியாகத் தீர்மானம் போட்டு அடுத்ததற்குக் கொண்டுபோகாவிட்டால் அவை அங்கேயே செத்துவிடும். சபையே கலைந்தால் அந்த வழியும் இல்லை. "அந்தச் சட்டமூலம் என்ன ஆனது, ஒரு சத்தத்தையும் காணோமே" என்று யாராவது கேட்டால் பாதி நேரம் பதில் இதுதான்.

இதோடு சேர்ந்த இன்னொரு பொறி சட்டமூல எண். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் எண் ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கும். 2018 கோடையில் ரொறன்ரோ நகர சபையை 47 இடங்களிலிருந்து 25 ஆகக் குறைத்தது சட்டமூலம் 5. 2025இல் சுரங்கம், சுற்றுச்சூழல், சிறப்புப் பொருளாதார வலயங்கள் என்று பெரிய சண்டையைக் கிளப்பியதும் சட்டமூலம் 5தான். முதலாவது 42ஆவது பாராளுமன்றம், மற்றது 44ஆவது. யாராவது "பில் ஃபைவ்" என்று வாய்க்கு வந்தபடி சொன்னால் முதலில் எந்த வருடம் என்று கேளுங்கள். எழுதும்போது பாராளுமன்றம், கூட்டத்தொடர், எண் மூன்றையும் சேர்த்து எழுதுவதே ஒழுங்கு.

சரி, ஒரு சட்டமூலத்தை எப்படிப் பின்தொடர்வது? எல்லாருக்கும் தெரிந்த ஒன்றையே எடுப்போம், சட்டமூலம் 104, தமிழ் இனப்படுகொலை அறிவூட்டல் வாரம் பற்றியது. சட்டமன்றத்தின் இணையத்தளம் ஓஎல்ஏ டாட் ஓஆர்ஜி. அதில் சட்டமூலங்கள் பகுதிக்குப் போய், 42ஆவது பாராளுமன்றம், முதலாவது கூட்டத்தொடர் என்று தேர்ந்தெடுத்து 104ஐத் திறந்தால் ஒவ்வொரு கட்டமும் தேதியோடு கிடைக்கும். ஸ்காபரோ-ரூஜ் பார்க் உறுப்பினர் விஜய் தணிகாசலம் தனிநபர் சட்டமூலமாக, அதாவது அரசாங்கத்தின் சார்பில் இல்லாமல் ஒரு உறுப்பினராகத் தானே, கொண்டுவந்தார். முதலாம் வாசிப்பு 2019 ஏப்ரலில், இரண்டாம் வாசிப்பு அடுத்த மாதமே, மேயில். அதற்கப்புறம் மூன்றாம் வாசிப்புக்கு 2021 மே 6 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. துணைநிலை ஆளுநரின் ஒப்புதல் மே 12. அந்தக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது செப்டெம்பரில் என்று மேலே சொன்னேன், கணக்குப் போட்டுப் பாருங்கள், நாலு மாதம்தான் இடைவெளி. அத்தோடும் கதை முடியவில்லை. அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சிலர் வழக்குப் போட்டார்கள், அது மேலே மேலே போய், 2025 மார்ச்சில் கனடா உச்ச நீதிமன்றம் மேன்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தபோதுதான் முடிந்தது.

இப்போது அதற்குப் பக்கத்தில் ஒரு அரசாங்கச் சட்டமூலத்தை வையுங்கள். 43ஆவது பாராளுமன்றம், முதலாவது கூட்டத்தொடர், சட்டமூலம் 28. பாடசாலை ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க, உரிமைகள் சாசனத்தையே ஒதுக்கிவைக்கும் பிரிவைப் பயன்படுத்திக் கொண்டுவந்தது. 2022 ஒக்டோபர் 31 அறிமுகம், நவம்பர் 3 நிறைவேற்றம். ஊழியர்கள் தெருவில் இறங்கினார்கள், மற்றத் தொழிற்சங்கங்களும் சேர்ந்துகொண்டன, நவம்பர் 14இல் அதே சபை வேறொரு சட்டமூலத்தால் அதை இல்லாமலாக்கியது. தனிநபர் சட்டமூலத்துக்கு இரண்டு வருடம், அரசாங்கம் மனது வைத்தால் நாலு நாள். 2025 மே கடைசியில் உறுப்பினர்களின் அடிப்படைச் சம்பளத்தை 116,550 டொலரிலிருந்து 157,350 டொலராக உயர்த்தினார்களே, அதற்கு இந்த நாலு நாள்கூடத் தேவைப்படவில்லை. 2009 முதல் உறைந்து கிடந்த சம்பளம் என்பது உண்மைதான், நியாயம் இருக்கலாம். ஆனாலும் எல்லாக் கட்சியும் ஒன்றாகக் கைதூக்கும் நாள் எது என்று பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

அடுத்தது உறுப்பினர் பட்டியல். ஒரு பாராளுமன்றத்தின் பட்டியலைத் திறந்தால் 124 தொகுதி, 124 பெயர், பக்கத்தில் கட்சி. அப்படியே கண்ணை ஓட்டிவிட்டு மூடிவிடுவார்கள். நான் முதலில் அடிக்குறிப்புகளைத்தான் பார்ப்பேன், ஏனென்றால் தேர்தல் இரவில் தொலைக்காட்சியில் காட்டிய எண் அந்த ஒரு இரவுக்குத்தான் சரி. 43ஆவதை எடுங்கள். தொடங்கும்போது முற்போக்குக் கொன்சவேட்டிவ் 83, என்டிபி (புதிய ஜனநாயகக் கட்சி) 31, லிபரல் 8, பசுமைக் கட்சி 1, சுயேச்சை 1. இரண்டரை வருடத்தில் ஏழு இடைத்தேர்தல் நடந்தது. ஹமில்டன் சென்டரில் அன்ட்ரியா ஹோர்வத் நகரபிதாவாகப் போனார், அந்த இடத்துக்கு சாரா ஜாமா வந்தார், அவரைப் பிறகு கட்சி தன் குழுவிலிருந்து நீக்க, மீதிக் காலம் சுயேச்சையாக இருந்தார். ஸ்காபரோ-கில்ட்வூட்டில் மிட்சி ஹன்டர் ரொறன்ரோ நகரபிதா போட்டிக்காக விலகினார், 2023 ஜூலையில் அன்ட்ரியா ஹஸல் வென்றார். அதே நாளில் கனாட்டா-கார்ல்ட்டன் ஆளும் கட்சியிடமிருந்து லிபரலுக்குப் போனது. கிச்சனர் சென்டர் அந்த நவம்பரில் என்டிபியிடமிருந்து பசுமைக் கட்சிக்கு. 2024 செப்டெம்பரில் பே ஒஃப் குவின்டேயில் இடைத்தேர்தல் வந்தது டொட் ஸ்மித் அரசியலை விட்டுப் போனதால். 2014இல் தமிழ் மரபுத் திங்கள் சட்டமூலத்தைக் கொண்டுவந்தவர் அவர்தான், அப்போது வேறு தொகுதியின் உறுப்பினராக இருந்தார்.

ஆகவே பட்டியலில் ஒரே தொகுதிக்கு இரண்டு பெயர் இருந்தால் பிழை என்று நினைக்காதீர்கள், தேதியைப் பாருங்கள். ஒரே பெயருக்குப் பக்கத்தில் இரண்டு கட்சி இருந்தால் அவர் நடுவில் மாறியிருக்கிறார் அல்லது மாற்றப்பட்டிருக்கிறார். "நான் வாக்களித்தவர் அந்தச் சட்டத்துக்கு என்ன செய்தார்" என்று கேட்கும் முன் அந்தத் தேதியில் அந்தக் கதிரையில் இருந்தது யார் என்று உறுதிசெய்யுங்கள். நான் ஒருமுறை, வாக்கெடுப்பு நடந்த நாளில் சபையிலேயே இல்லாத ஒருவரைக் குடும்ப விருந்தில் வைத்துத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

கட்சித் தலைவரின் பெயரைத் தேடிக் கிடைக்காவிட்டாலும் குழம்ப வேண்டாம். 2022இல் லிபரல் தலைவர் ஸ்டீவன் டெல் டூக்கா தன் தொகுதியில் தோற்றார், 2025இல் அதே கட்சியின் தலைவர் பொனி குரொம்பியும் தன் தொகுதியில் தோற்றார். தலைவர் வெளியே, கட்சி உள்ளே. அப்படியானால் சபைக்குள் வேறொருவர் அந்தக் கட்சிக்காகப் பேசுவார்.

இங்கே இன்னொரு எண்ணையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், 12. அங்கீகரிக்கப்பட்ட கட்சி என்ற தகுதிக்கு இன்றைக்கு அவ்வளவு இடம் வேண்டும். அது இருந்தால் பணம், ஆட்கள், கேள்வி நேரத்தில் முறையான பங்கு எல்லாம் வரும், இல்லாவிட்டால் அந்த உறுப்பினர்கள் சுயேச்சைகளைப்போல நடத்தப்படுவார்கள். 2018இல் லிபரல்கள் 7 இடம் எடுத்தபோது தேவை 8. அந்த வருடக் கடைசியில் அரசாங்கம் வரம்பை உயர்த்தியது. 2022இல் அவர்கள் 8 எடுத்தார்கள், இப்போது தேவை 12. 2025இல் 14 எடுத்தபோதுதான் தகுதி திரும்ப வந்தது. பதினைந்து வருடம் தொடர்ந்து ஆண்ட கட்சி அதற்கப்புறம் ஏழு வருடம் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. பெரும்பான்மைக்கு 63 வேண்டும், அது எல்லாருக்கும் தெரியும். இந்த 12தான் யாருக்கும் தெரியாது.

சரி, உங்கள் தொகுதி எது? தெரியும் என்று சொல்வீர்கள். 2025க்குப் பிறகு அது அவ்வளவு நிச்சயம் இல்லை. முன்பு தெற்கு ஒன்ராறியோவில் கூட்டாட்சித் தொகுதியும் மாகாணத் தொகுதியும் ஒரே எல்லையில் இருந்தன. 2025 ஏப்ரல் கூட்டாட்சித் தேர்தல் புதிய எல்லைகளில் நடந்தது, மாகாணம் பழைய எல்லைகளிலேயே நிற்கிறது. ஒட்டாவாவுக்கு ஸ்காபரோ-கில்ட்வூட்-ரூஜ் பார்க் என்று ஒரே தொகுதி, குயின்ஸ் பார்க்குக்கு ஸ்காபரோ-கில்ட்வூட் வேறு, ஸ்காபரோ-ரூஜ் பார்க் வேறு. பக்கத்துத் தெருவில் இருக்கிற அக்காவுக்கும் உங்களுக்கும் ஒட்டாவாவில் ஒரே எம்பி, எம்பிபி வேறு வேறு என்பதெல்லாம் சாதாரணமாக நடக்கும். தேர்தல் காலத்தில் வந்த பழைய துண்டுப்பிரசுரத்தை நம்பாமல், எலெக்‌ஷன்ஸ் ஒன்ராறியோ தளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டுப் பாருங்கள்.

எதற்காக யாரிடம் போவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் ஸ்பொன்சர் விடயத்துக்காக ஒரு நாள் லீவு போட்டு ஒரு எம்பிபியின் தொகுதி அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன், கடைசியில் "இது ஒட்டாவா அலுவல்" என்று அனுப்பிவிட்டார்கள். வாசலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் கேட்காமல் போனது என் பிழைதான். குடிவரவு, கடவுச்சீட்டு, வேலையிழப்புக் காப்புறுதி எல்லாம் எம்பி. சுகாதார அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், பிறப்புச் சான்றிதழ், மாற்றுத்திறனாளி உதவித்தொகை, வீட்டுக்காரர்-வாடகைக்காரர் சபையில் இழுபடும் வழக்கு, பாடசாலை நிதி, வைத்தியசாலை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் எல்லாம் எம்பிபி. குப்பை, பனி அள்ளுவது, வீட்டுக்கு முன்னால் உள்ள மரம் இவற்றுக்கு நகர சபை. வீட்டுக்காரர் வழக்கில் எம்பிபி தீர்ப்பை மாற்ற முடியாது. கோப்பு எந்த நிலையில் கிடக்கிறது என்று விசாரித்துச் சொல்ல முடியும், பல மாதம் காத்திருப்பவருக்கு அதுவே பெரிய உதவி.

உறுப்பினர் என்ன பேசினார் என்று பார்க்க ஹன்சார்ட். சபையில் பேசியது கிட்டத்தட்டச் சொல்லுக்குச் சொல் அதில் இருக்கும், நடுவில் கத்தியதைப் பெரும்பாலும் "குறுக்கீடுகள்" என்று மட்டும் போட்டிருப்பார்கள். தளத்தில் உறுப்பினரின் பக்கத்துக்குப் போனால் அவர் பேசியவை தொகுதியாகக் கிடைக்கும். ஒரு சின்ன விடயம்: சபைக்குள்ளே ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், "ஸ்காபரோ-கில்ட்வூட் உறுப்பினர்" என்றுதான் சொல்வார்கள். ஆகவே உங்கள் எம்பிபியை மற்றவர்கள் எப்படித் தாக்கினார்கள் என்று தேட விரும்பினால் பெயரை விட்டுத் தொகுதியின் பெயரால் தேடுங்கள். முழுவதும் வாசிக்க யாருக்கும் நேரம் இல்லை. திங்கள் முதல் வியாழன்வரை காலை பத்தரை மணி அளவில் வரும் கேள்வி நேரத்தை வீடியோவில் பாருங்கள், ஒரு மணி நேரம், கூத்தாகத்தான் இருக்கும். உண்மையான வேலையைக் குழுக் கூட்டங்களில் தேடுங்கள். வரவுசெலவுத் திட்டத்துக்கு முந்திய கலந்தாய்வில் பேச நீங்களும் விண்ணப்பிக்கலாம், எழுத்திலும் அனுப்பலாம்.

வாக்கு எப்படிப் போட்டார் என்பது வேறு இடத்தில். எல்லா வாக்கெடுப்பிலும் பெயர் பதிவாகாது, இதைத் தெரியாமல் பலர் ஏமாறுகிறார்கள். சபாநாயகர் கேட்பார், சிலர் ஆம் என்பார்கள், சிலர் இல்லை என்பார்கள், சத்தத்தை வைத்து அவர் முடிவு சொல்வார், அதோடு சரி. ஐந்து பேர் எழுந்து நின்றால் மட்டுமே மணி அடித்து, எல்லாரும் உள்ளே வந்து, ஒவ்வொருவராகப் பெயரோடு எண்ணுவார்கள். அந்தப் பட்டியல் அன்றைய நடவடிக்கைக் குறிப்பிலும் ஹன்சார்டிலும் ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கும். இரண்டிலும் உங்கள் உறுப்பினரின் பெயர் இல்லையென்றால் அவர் அன்று வாக்களிக்கவில்லை. ஏன் என்று கேட்டு மின்னஞ்சல் போடலாம், சுகவீனமாகவும் இருக்கலாம், ஆகவே முதல் வரியிலேயே சண்டை பிடிக்காதீர்கள். சபாநாயகரின் பெயரைத் தேடாதீர்கள். வாக்கு சமமாகப் பிரிந்தால்தான் அவர் வாக்களிப்பார். 2025 ஏப்ரல் 14 முதல் அந்தக் கதிரையில் டொனா ஸ்கெலி இருக்கிறார், ஒன்ராறியோவில் அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்.

அடுத்த தேர்தல் எப்போது என்று நாட்காட்டியில் குறித்து வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாசனப்படி ஒரு சபை ஐந்து வருடத்துக்கு மேல் நீடிக்க முடியாது, அந்த எல்லை மட்டும் உறுதி. நாலு வருடத்துக்கு ஒருமுறை ஜூன் முதல் வியாழன் என்ற கணக்குப்படி 43ஆவது பாராளுமன்றம் 2026 ஜூன் வரை இருந்திருக்க வேண்டும். பெப்ரவரிப் பனியில் வாக்குச்சாவடிக்கு நடந்தது நினைவிருக்கும்.

கடைசியாக மனு. இதைச் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் குடியுரிமை இல்லாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று, ஒன்ராறியோவில் வசித்தால் போதும். சட்டமன்றத்தை முகவரியிட்டு, என்ன வேண்டும் என்று தெளிவாக எழுதி, அதே தாளில் பெயர், முகவரி, பேனாவால் போட்ட கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு தாளிலும் கோரிக்கை அச்சாகியிருக்கட்டும், வெறும் கையெழுத்துத் தாள்களைப் பின்னால் சேர்த்துக் குத்தாதீர்கள், ஒளிநகலும் வேண்டாம். அதை எம்பிபியிடம் கொடுத்தால் அவர் சபையில் எழுந்து அறிமுகப்படுத்துவார். பிறகு தானே எடுத்துக்கொண்டு போகமாட்டார். கறுப்பு வெள்ளை உடுப்பில் ஓடித் திரியும் ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தண்ணீரும் குறிப்புத் துண்டும் கொண்டு கொடுப்பவர்கள், மாகாணம் முழுவதிலுமிருந்து விண்ணப்பித்து வந்தவர்கள். அவர்களில் ஒருவரிடம் கொடுத்து மேசைக்கு அனுப்புவார், கொடுக்கும்போது அந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்வதுண்டு. ஹன்சார்டில் உங்கள் மனுவுக்குக் கீழே பெரும்பாலும் அந்தப் பெயரும் இருக்கும்.